மாவு டப்பாவை மதிக்காத ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி ஒரு விளம்பரத்தோடு வந்தது. பெருங்களத்தூரில் எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் நந்தகுமார் சார் எழுதியிருந்தார்: ஸ்டெல்லா மேடம் புற்றுநோயால் மறைந்தார், ஊருக்கெல்லாம் உணவைப் பற்றிச் சொன்னவர் தன் செல்களைக் கவனிக்க மறந்தார், நாம் மறக்க வேண்டாம், ஞாயிறன்று என் ஆரோக்கிய உணவு வகுப்புக்கு வாருங்கள். கீழே அவர் விற்கும் சத்து மாவின் படம். பலர் அதற்குக் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள். கும்பிட்டது அக்காவையா மாவையா என்று தெரியவில்லை.

எங்கள் அடுக்ககத்திலேயே குடியிருந்த அக்கா, தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியன். நான் அங்கே புண்களுக்குக் கட்டுப்போடும் நர்ஸ். பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் சர்க்கரை நோயால் ஆறாத கால் புண்ணோடு வந்தார். அவர் மனைவி ஒரு பளபளப்பான டப்பாவைக் காட்டி, "இது செல்லு வரைக்கும் போய் ரிப்பேர் பண்ணுமாம் மேடம்" என்றார். அக்கா டப்பாவின் பின்பக்கத்தை வாசித்தார்.

"பாதி சர்க்கரை, மீதி பொய்" என்று அதை ஜன்னலோரம் வைத்துவிட்டு, "முட்டை சாப்பிடுவீங்களா அண்ணா?" என்று கேட்டார்.

"துன்னுவேன் மேடம். வூட்ல இன்னா கீதோ அதான்."

"அப்போ முட்டை, நெத்திலி, முருங்கைக்கீரை, கொண்டைக்கடலை. வெள்ளிக்கிழமை சந்தையில நெல்லிக்காய் வாங்குங்க. மாத்திரைய நிறுத்தாதீங்க. சாப்பாடு கை கொடுக்கும், சத்தியம் பண்ணிக் கொடுக்காது."

புண் மெதுவாக மூடியது. மருந்து, கட்டு, சாப்பாடு மூன்றும் சேர்ந்து செய்தது என்றுதான் அக்கா கடைசிவரை சொன்னார்.

அவருக்கே புற்றுநோய் வந்தபோது, பார்க்க வந்தவர்கள் பழத்துக்குப் பதிலாக யோசனை கொண்டுவந்தார்கள். கீமோவை விட்டுவிடு, பச்சைச் சாறு குடி, கோதுமைப்புல் அரை. கோதுமைப்புல்லை வாழ்நாளில் கண்ணால் பார்க்காதவர்களும் சொன்னார்கள். அக்கா கீமோவுக்குப் போனார். வாய்ப்புண்ணோடு முட்டையும் தயிர்சாதமும் விழுங்கினார். ஒருநாள் லிஃப்ட் வாசலில் அவருக்கு நான் வாழைக்காய் பஜ்ஜி கொடுத்ததை நந்தகுமார் பார்த்துவிட்டார்.

"நீங்களே எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடலாமா மேடம்?"

"இன்னிக்குத்தான் நாக்குல ருசி தெரியுது சார். லிஃப்டை மறைக்காம நில்லுங்க."

அதே நந்தகுமார் சில வாரங்கள் கழித்து அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் மனைவி கீதாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தையல் போட்ட இடம் பிரிந்து கசிந்தது. வீட்டில் கீதாவுக்கு மாவுக் கஞ்சியும் சாறும் மட்டும்தான். "யாருக்கும் தெரிய வேணாம் மேடம்" என்றார். அப்போதும் அவர் கவலை மாவைப் பற்றியதுதான்.

மொட்டைத் தலையில் துணி கட்டிக்கொண்டு அக்கா என் கையைப் பிடித்தபடி அவர்கள் வீட்டுக்கு வந்தார். தையலைப் பார்த்தவுடன் கீதாவை அறுவை செய்த டாக்டரிடம் அனுப்பினார். கீதா திரும்பி வந்ததும் முட்டையை அவிக்கச் சொல்லி, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கீதா தேறினார். நந்தகுமாரின் வகுப்பு வழக்கம்போல நடந்தது.

சர்ச்சில் நடந்த அக்காவின் நினைவுக் கூட்டத்தில் நந்தகுமார் மைக்கைப் பிடித்தார். "மேடம் மட்டும் கொஞ்சம் முன்னாடியே செல் லெவல்ல யோசிச்சிருந்தா..." என்று தொடங்கினார்.

"உக்காருங்க" என்றார் கீதா, இருந்த இடத்திலிருந்தே. பிறகு எழுந்தார். "என் தையல் பிரிஞ்சப்ப இவரு மாவு கரைச்சுக்கிட்டிருந்தாரு. அவங்க கீமோ முடிச்ச உடம்போட வந்து எனக்கு முட்டை கொடுத்தாங்க. சாப்பிடத் தெரியாம அவங்க சாகல. நோய் வந்து செத்தாங்க."

நந்தகுமார் உட்கார்ந்தார்.

அக்காவை அறிந்தவர்களே, அவருடைய ஏளனத்தை நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். செல்லைச் சரிசெய்வதாகச் சொல்லும் எதையும் இனி முகம் சுளிக்காமல் என்னால் கேட்க முடியாது. கூடவே, வரும் நோயாளிகளிடமெல்லாம் அவர் முதலில் கேட்கும் ஒரு கேள்வியும் என்னிடம் இருக்கிறது. இப்போது கட்டுப்போடும்போது ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்: "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" அவர்கள் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லும்வரை, அவரைப் போலவே, காத்திருக்கிறேன்.