லயனல் நிறுத்திய இடம்

லயனல் ஆஸ்கம் பெரிய நடிகர் என்று சொல்ல முடியாது. சினிமாவில் கதவைத் திறந்துவிடும் பட்லர், மழையில் நனையும் போலீஸ்காரர், இரண்டு முறை பிணம். சோறு போட்டது நாடகம்தான். லண்டனில் அல்ல, ஊர் ஊராக, ஈரம் காயாத வாடகை அறைகளில். ஒன்றே ஒன்று அவரிடம் இருந்தது. பேசிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்துவார். அரங்கில் இருமல்கூட அடங்கிவிடும். பிறகுதான் அடுத்த வார்த்தை வரும்.

மோர்கம் என்ற கடற்கரை ஊரின் கோடைக்கால நாடகக் குழுவுக்கு வந்து சேர்ந்தபோது, அந்த மௌனங்களில் பாதி மறதியாகிவிட்டிருந்தது. ரசிகர்கள் அதற்கும் கைதட்டினார்கள். மேடையோரம் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் டிலிஸுக்கு மட்டும் விஷயம் தெரியும். மறதி என்றால் உடனே எடுத்துக்கொடுக்க வேண்டும். மௌனம் என்றால் மூச்சு விடக் கூடாது. அடுத்த பருவத்துக்கு லயனலை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய, முதலாளி கிராப்ட்ரீ சனிக்கிழமை பகல் காட்சிக்கு வருவதாக இருந்தது.

"நீ நிறுத்துனா நான் எதுன்னு எடுத்துக்கறது?" என்று கேட்டாள் டிலிஸ்.

"என் கண்ணப் பாரு, தங்கம். தெரியும்."

"உன் கண்ணு எப்பவுமே ஆளில்லாத வீடுதான்."

"அதுக்குத்தானே இத்தன வருஷமா கூப்பிடறாங்க!"

சனிக்கிழமை, செத்துப்போன மகனைப் பற்றிய வசனத்தின் நடுவில் அவர் நிறுத்தினார். டிலிஸ் காத்தாள். மேலும் காத்தாள். பயந்துபோய், பின்வரிசைக்கே கேட்கும்படி, "அவன் சட்டை இன்னும்..." என்று அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தாள். யாரோ சிரித்தார்கள். லயனல் அதை வாங்கிச் சொல்லி முடித்தார்.

திரை விழுந்ததும் ஒப்பனை அறைக்கு ஓடிவந்தாள். "மறக்கலையா நீ?"

"இல்ல. இந்த வாரம் முழுக்க அந்த மௌனம் ஒண்ணுதான் ஒழுங்கா வந்துச்சு."

"ஐயோ! தப்பு என்னோடதுன்னு கிராப்ட்ரீகிட்ட நானே சொல்லிடறேன்."

"பேசாம இரு."

அவருக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாள் பார்த்தவளுக்கே மறதியும் மௌனமும் ஒன்றாகத் தெரிந்தால், வித்தியாசம் இனி யாருக்காக என்றுதான் தோன்றியது.

அதற்குள் கிராப்ட்ரீயே உள்ளே வந்துவிட்டார். "என்னம்மா இது? நல்ல மௌனத்தக் கெடுத்துட்டியே! உனக்குப் பதிலா வேற ஆள் பாத்துக்க வேண்டியதுதான்."

"அவமேல தப்பில்ல," என்றார் லயனல், முகப்பூச்சைத் துடைத்தபடி. "நான்தான் மறந்துட்டேன்."

கிராப்ட்ரீ டிலிஸை விட்டு அவரிடம் வந்தார். "அடிக்கடி ஆகுதா?"

"ஆகுது."

டிலிஸ் வாயைத் திறந்தாள். லயனல் அவள் பக்கம் திரும்பவில்லை.