ஆடு என்ன சொல்லுது?

முன்னறையிலிருந்து தகரம் தட்டுவது போன்ற அந்தப் பழைய பியானோ இசை கேட்டதும் வெங்காயம் வெட்டிய என் கை நின்றுவிட்டது. இன்னும் வாசிக்கப் பழகாத என் மகள், என் அப்பாவின் மடியில் இருந்தபடி போனில் ஒரு பழைய ஊமைக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் அப்பாவும் மட்டும் நாட்டைவிட்டுக் கிங்ஸ்பரிக்கு வந்த புதிதில் எங்களிடம் இருந்த ஒரே வீடியோ கசெட் அதுதான். பாலர் பாட்டுப் புத்தகத்திலிருந்து ஓர் ஆடு குதித்து வந்து கூத்தடிக்கும். இடையிடையே அது பேசுவது கறுப்புத் திரையில் வெள்ளை ஆங்கில எழுத்துகளாக வரும். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அவற்றை எனக்கு வாசித்துச் சொல்வார்.

"ஆடு என்ன சொல்லுது, அப்பா?"

"கொம்மா அடுத்த மாசம் கொழும்பிலயிருந்து வாறாவாம்."

அப்பா தானாகச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆடு சொன்னதால் நம்பினேன். அம்மாவுக்குக் கட்டிலில் இடம் விட்டே படுத்தேன்.

பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டப் பழகிய பிறகு, ஒருநாள் தனியே கசெட்டைப் போட்டு வாசித்தேன். ஆடு தன் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தது. அம்மாவைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

அப்பா வந்ததும் கேட்டேன்.

"கொம்மா போன வருசமே செத்துப்போனா, பிள்ளை," என்றார். அன்றும் சப்பாத்தைக் கழற்றவில்லை.

இப்போது முன்னறையில் மகள் கேட்டாள். "தாத்தா, ஆடு என்ன சொல்லுது?"

அப்பா வாய் திறப்பதற்குள் வெங்காயக் கையோடு போய் நின்றேன்.

"தொப்பியைக் காணேல்லையாம்," என்றேன். "வேற ஒண்டும் சொல்லேல்லை."