திருவாசகத்தின் நடுவே மணி அடித்தது

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புத்தூரில் எங்கள் கோயில் திருவிழாவில் ஏழாம் நாள் எங்கள் குடும்பத்தின் உபயம். பூசை முடிவில் பஞ்சபுராணம் பாட வேண்டும். ஐந்து பாட்டு, வரிசை மாறாமல். ஒன்று விட்டாலும் குறைதான். வழக்கமாகப் பாடும் வாத்தியார் போன வருடம் அன்றைக்கென்று காய்ச்சலில் படுத்துவிட்டார். என் மனைவியின் தம்பி என்னை முன்னே தள்ளினார்.

"தோட்டத்திலை வெங்காயத்துக்குப் பாடுறியள். இண்டைக்குச் சாமிக்கும் பாடுங்கோ, அத்தான்."

நாலு பேர் முன்னால் கதைக்கவே எனக்கு நடுங்கும். தேவாரத்தை எப்படியோ முடித்தேன். அடுத்தது திருவாசகம். அதை மோகன ராகத்திலும், கடைசிப் பாட்டான புராணத்தை மத்தியமாவதியிலும் பாடுவது எங்கள் வழக்கம். அந்தப் பெயர்கள் அன்று எனக்குத் தெரியாது. வாத்தியாரின் குரல்தான் காதில் இருந்தது. பயத்தில் இரண்டாவது அடியைக் கொஞ்சம் மேலே பிடித்து, அங்கேயே நின்று பாடிவிட்டேன். சொற்கள் சரி. ஆனால் எல்லாம் முடிந்துவிட்டது போல ஒரு சாயல் வந்தது.

குருக்கள் ஐயா மணியை எடுத்து அடித்தார். சாமி தூக்குபவர்கள் தண்டில் கை வைத்தார்கள்.

"என்னப்பா, அதுக்குள்ளை முடிஞ்சுதோ?" பின்னால் யாரோ சிரித்தார்.

திருவாசகமே முடியவில்லை. இன்னும் மூன்று பாட்டு மிச்சம். எங்கள் திருவிழா என்னால் குறையோடு போகப்போகிறது.

அப்போது நாதஸ்வரக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், ஒரே சுரத்தை நீளமாக ஊதினார். நான் முதலில் தொடங்கிய சுரம் அது. அதைப் பிடித்துக்கொண்டு திருவாசகத்தை மறுபடியும் முதலடியிலிருந்து எடுத்தேன். மணிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். ஒரு அடி, இன்னொரு அடி. மணி நின்றது. ஐந்து பாட்டும் நிறைவேறின.

பிறகு நாதஸ்வரக்காரர் கிணற்றடியில் சொன்னார்: "அண்ணை, அஞ்சு சுரமும் சரி. நிண்ட இடம்தான் பிழை. மோகனத்தின்ரை ரெண்டாவது சுரத்தைச் சட்சமாக்கி, அதாவது ஆதார சுரமாக்கிக்கொண்டு நிண்டால் அது மத்தியமாவதி, புராணத்தின்ரை ராகம்."

"ஐயா என்ன நினைச்சாரோ?"

"ஐயாவுக்கு நல்ல காது. அதாலைதான் மணி அடிச்சவர்."

வாத்தியாருக்கு இப்போது குரல் எழும்புவதில்லை. இந்த வருடமும் என்னையே பாடச் சொல்லிக் கேட்டார்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் பாடத் தொடங்கும் முன் சட்சத்தை ஒருதரம் ஊதிக் காட்டும்படி நாதஸ்வரக்காரரிடம் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

எழுதியது: வைகாசி மாதம், கொடியேறிய மறுநாள்.