கடைசி ஓடு நுழையாத பானை

அருங்காட்சியகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் ஒருவரும் கிடையாது. எல்லாருக்கும் அவள் பசையக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த பொறுப்பாளருக்கும் அக்காதான், கேட்டுக்கொள்ளுங்கள்.

செருப்புத் தொழிற்சாலையில் அடிப்பாகம் ஒட்டிக்கொண்டிருந்தவள். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பசை வேலை தெரிந்த ஆள் தேவை என்று அருங்காட்சியக வாசலில் எழுதிப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பழங்காலத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். "பழசு தெரியாதுங்க, ஒட்டத் தெரியும்" என்றாள். பொறுப்பாளர் சிரித்துவிட்டார், வேலை கிடைத்துவிட்டது.

மாமியாருக்குத்தான் இது ஆறவே இல்லை. "வீட்டுல கைப்பிடி போன கோப்பை மாசக்கணக்கா கிடக்குது. இவ மூவாயிரம் வருஷத்துக் குப்பையை ஒட்டப் போறா" என்பாள். அதே வாயால் பக்கத்து வீட்டில் போய், "எங்க மருமக தொடலைன்னா அங்க ஒரு பானையும் நிக்காது" என்பாள். ஊர் உலகத்து மாமியார்களுக்கு இரண்டு நாக்கு இருப்பது புதிதல்ல.

இத்தனை வருஷமும் அடுத்தவர் ஒட்டும் பாத்திரங்களுக்குக் கைகொடுத்தவளுக்கு இந்தத் தடவை ஒரு பானை தனியாகவே வந்தது. பெட்டி நிறையச் சிவப்பு ஓடுகள். அவற்றில் கறுப்பு மையால் வரைந்த மான்கள், வயிற்றைச் சுற்றி வரிசையாக ஓடுகின்றன. புதிய கண்காட்சியில் நடு மேடை அதற்குத்தான். கீழே வைக்கும் அட்டையில், ஒட்டியவர் என்று அவள் பெயர் அச்சாகும். சொந்தப் பெயர், முழுப் பெயர். அதைக் கேட்ட நாள் முதல் அவள் கால் தரையில் பாவவில்லை. வழக்கமாக ஏறும் பேருந்தையே விட்டுவிட்டு, நின்றுகொண்டு சிரித்தாள்.

பானை வளர்ந்தது. ஒவ்வோர் ஓட்டையும் ஒட்டி, மணல் தட்டில் நிறுத்திக் காயவைத்து, அடுத்ததை எடுப்பாள். வட்டம் பிசகக்கூடாது என்று அட்டையில் ஒரு வளைவு வெட்டி வைத்திருந்தாள். ஒட்டும்போதெல்லாம் அதை வைத்துப் பார்ப்பாள். அச்சடித்த மாதிரி வட்டம்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடைசி ஓட்டைக் கையில் எடுத்தாள். ஒரு மானின் தலை அதில் இருந்தது. துளைக்குள் வைத்தாள். நுழையவில்லை. திருப்பி வைத்தாள், சாய்த்து வைத்தாள், வேண்டிக்கொண்டு வைத்தாள். ஒரு நூல் அளவு இடிக்கிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, இங்கே உடைந்த தாழி சேரும்போது வந்து நின்றது வினை.

பக்கத்திலேயே அரம் கிடந்தது. செருப்பில் பொருந்தாத ஓரத்தை எத்தனை தடவை சீவியிருக்கிறாள். அரத்தை எடுத்து ஓட்டின் விளிம்பில் வைத்தாள். கை ஓடவில்லை. அந்த விளிம்பு போனால் போனதுதான், எந்தக் கடையிலும் கிடைக்காது. அரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிட்டாள்.

அவர் குனிந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். "தலையில்லாமலே வச்சிடலாமா அக்கா?"

"மொத்தத்தையும் பிரிச்சுடறேன் சார்."

"முடியலைன்னா மேடையில இதுக்குப் பதிலா அந்த வெண்கல முகக்கண்ணாடியை வச்சிடுவாங்க. பேர் அட்டையும் மாறிடும். தெரியும்ல?"

"தெரியும் சார்" என்றாள். இருந்தாலும் பசையைக் கரைக்கிற அசிட்டோன் புட்டியைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அடியிலிருந்து மறுபடி தொடங்கினாள். இரண்டு ஓடுகளைச் சேர்த்ததும் இணைப்பின் மேல் நகத்தை ஓட்டினாள். நகம் தடுக்காவிட்டால் சரியான இடம் என்பது இந்த வேலையின் முதல் பாடம். நகம் வழுக்கிக்கொண்டு போனது. வளைவு அட்டையை வைத்தாள். அட்டைக்கும் ஓட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. முதல் தடவை இந்த இடத்தில்தான் ஓட்டைக் கொஞ்சம் அமுக்கி அட்டைக்கு இணங்க வைத்திருந்தாள். அடுத்த இணைப்பிலும் அமுக்கல், அதற்கடுத்ததிலும். ஒவ்வொன்றும் மயிரிழைதான், எல்லாம் சேர்ந்து கடைசி ஓட்டுக்குக் கதவை அடைத்துவிட்டன.

பானை வட்டமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அவளேதான் சொல்லிக்கொண்டாள். வளைவு அட்டையை மேசைக்கு அடியில் வீசிவிட்டு நகத்தை மட்டும் நம்பி ஒட்டத் தொடங்கினாள். ஒரு பக்கம் பானை தொப்பை போட்டது. வாய் சரிந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை. சாயங்காலம் மான் தலையை எடுத்துத் துளைக்கு நேரே பிடித்தாள். அது தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

"சார்" என்று அவள் போட்ட சத்தத்தில் நுழைவுச்சீட்டு கொடுக்கிறவளும் ஓடி வந்தாள்.

பொறுப்பாளருக்குப் பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது. "என்ன அக்கா, இப்படிச் சாஞ்சு நிக்குது?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன மாதிரி நினைக்காதீங்க சார். செய்யும்போதே கோணிப்போன பானை இது. ஈரத்துல சரிஞ்சிருக்கு. குனிஞ்சு மானைப் பாருங்க."

அவர் மண்டியிட்டார். அவள் சுழல்பலகையை மெதுவாகத் திருப்பினாள். முதல் தடவை வட்டமாக ஒட்டியிருந்தபோது மான்கள் மேடும் பள்ளமுமாகத் தள்ளாடின. வரைந்தவன் குடித்திருப்பான் என்று பொறுப்பாளரே கேலி செய்திருந்தார். இப்போது பானை கோணல், மான்கள் நேர். ஒரு குளம்புகூட ஏறவில்லை, இறங்கவில்லை. தொப்பை விழுந்த பக்கத்திலும் சமதரையில் ஓடுவதுபோல ஓடின.

"கோணலாப் போச்சேன்னு வனைஞ்சவங்க தூக்கிப் போடலை சார்" என்றாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அந்தக் கோணல் மேலயே நேரா ஓடவிட்டிருக்காங்க."

பொறுப்பாளர் எழுந்திருக்க மறந்து இன்னொரு சுற்றும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இப்பவே அச்சகத்துக்குச் சொல்லிடறேன். அட்டையில உங்க பேரு பெருசா வரும் அக்கா."

"என் பேரு கிடக்கட்டும் சார்" என்றாள் அவள், மான்களைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "இதைச் செஞ்சவங்க பேரு தெரியலையே."