துடிப்புக்கு முன்னால் எழுந்த கோடு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம்புவது உங்கள் இஷ்டம். அப்போது பகல் பதினொன்றே முக்கால். எங்கள் லேசர் அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவை மூடினால் பகலும் இருட்டுதான்.

என் மனைவியும் எங்கள் நண்பன் தாடியும் அந்த அறையில்தான் வேலை பார்த்தார்கள். தாடி என்பது அவள் வைத்த பெயர். புரோகிராம் எழுதும் நான் வெளியே, திரைக்கு முன்னால். "மூணு பேர் மூச்சு விட்டா உள்ள காத்து ஆடும். நீ வெளிய இரு" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். பிறகு கதவு மூடும். ஐந்து வருடம் அந்தக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

சோதனை இதுதான். திரவ நைட்ரஜனால் உறையவைத்த சிறு படிகம். லேசரின் முதல் ஒளித்துடிப்பு அதை அடிக்கும். அடிபட்டதும் அது வேறொரு பொருளாக மாறும். வெறும் குளிராலோ சூட்டாலோ வராத நிலை. ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் அதற்கு ஆயுள். இரண்டாவது துடிப்பு அதைப் பார்த்துவிட்டுப் போகும். திரையில் கோடு எழும்பி அடங்கும். முதல் அடி விழும்வரை கோடு தட்டையாக இருக்க வேண்டும்.

அவள் காய்ச்சலில் இறந்துபோய் எட்டு மாதம் கழித்து, தாடி கூப்பிட்டான்.

"கோடு முன்னாடியே எழும்புது. அடிக்கிறதுக்கு முன்னாடி."

"என் புரோகிராம்ல தப்பா?"

"நான் உள்ள இருந்தா மட்டும்தான்டா வருது." குரலைத் தாழ்த்தினான். "அவதான்னு தோணுது."

"அவ என் பெண்டாட்டி."

"நான் இல்லன்னு சொல்லலியே."

புரோகிராமை வரிவரியாகப் பார்த்தேன். தப்பு இல்லை. அவன் உள்ளே போனால் மேடு. வெளியே வந்தால் தட்டை. எனக்கு வயிறு எரிந்தது.

"நீ இங்க இரு. நான் போறேன்."

பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். கதவு மூடியது. உள்ளே இருந்த சின்னத் திரையில் கோடு...

தட்டை.

பத்து நிமிடம். தலை லேசாகச் சுற்றியது. தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன்.

"நான்தான் வந்திருக்கேன்" என்றேன்.

தட்டை.

ஸ்ஸ்ஸ்... என்று எங்கோ மெல்லிய சத்தம்.

இடது காதருகே குளிர்.

மூச்சு.

"நீ வெளிய போ."

அவள் குரல். சிரிப்பு இல்லை.

கால்கள் எப்படி நடந்தன என்று தெரியாது. வெளியே வந்தேன்.

"என்னடா ஆச்சு?"

"நீயே போ."

அவன் கிட்டத்தட்ட ஓடினான். கதவு மூடியது. என் திரையில் கோடு எழும்பியது. இதுவரை பார்க்காத உயரம். அது இறங்கவே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கதவைத் திறந்தேன்.

தாடி மேஜையடியில் கிடந்தான். மூச்சு இல்லை.

பாதுகாப்புப் பொறியாளர் என்னை இரண்டு முறை விசாரித்தார். நைட்ரஜன் குழாய் காலையிலேயே கசியத் தொடங்கியிருக்கிறது. காற்றை அளக்கும் கருவி ஏனோ கத்தவில்லை. "நீங்க உள்ள இருந்தப்பவே அங்க மூச்சுக்குக் காத்து இல்ல. எப்படி நடந்து வந்தீங்க?"

அவள் என்னைக் காப்பாற்றினாள் என்கிறார்கள் வீட்டில். நானும் தலையாட்டுகிறேன்.

நேற்று, அறைக்குப் புதிதாக வந்த பெண் கூப்பிட்டாள்.

"சார், அடிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு மேடு வருது."

பார்த்தேன். இரண்டும் ஒட்டி... ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து...

உள்ளே போனேன்.

தட்டை.