பழைய டிஸ்க்கில் என் சத்தம்

தைராய்டு ஆபரேஷன் முடிந்து தையல் ஆறிவிட்டது. குரல் மட்டும் திரும்பவில்லை. "வரலாம், வராமலும் போகலாம். தொண்டைக்கு வேலை கொடுக்காம பொறுமையா இருங்க" என்றார் டாக்டர். பொறுமை என் ஜாதகத்திலேயே கிடையாது. வாயைத் திறந்தால் பாதி காற்று, பாதி கரகரப்பு. போனில் ஹலோ சொன்னேன், கூரியர்காரன் என்னை ஆம்பளை என்று நினைத்து "ஹாஞ்ஜி சர்" என்றான். அதோடு போனைத் தொடுவதை விட்டேன். எங்கள் மோதி பாக் குவார்ட்டர்ஸ் வீட்டில் யார் மணி அடித்தாலும் நான் கதவைத் திறப்பதில்லை.

வீட்டுக்குள் அதைவிட மோசம். என் கணவர் என்னை நோயாளியாகவே ஆக்கிவிட்டார். நான் கேட்குமுன் வெந்நீரோடு வந்து நிற்பார். "என்னம்மா வேணும்?" என்பார், ஆஸ்பத்திரி வார்டில் பேசுகிற தணிந்த குரலில். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'ஏட்டி' என்றே கூப்பிட்ட திருநெல்வேலிக்காரர் அவர். எரிச்சல் எரிச்சலாக வந்தது. கத்தித் தீர்க்கவும் வழியில்லை.

ஒருநாள் காய் நறுக்கும்போது என் பழைய குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. பயந்துபோனேன். பிறகு ஞாபகம் வந்தது: மகன் சின்னவனாக இருந்தபோது நான் எடுத்த வீடியோ எல்லாம் பழைய லேப்டாப்பில் இருக்கின்றன. அது செத்துப்போய்ப் பரணில் கிடந்தது. அவன் இப்போது புனேயில் ஹாஸ்டலில் இருக்கிறான்.

"கடையில குடுத்துப் பாப்போம்மா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டேன். ஹார்ட் டிஸ்க் கையோடு வந்தது, சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, தட்டையாக. லேப்டாப் செத்தாலும் டிஸ்க் பிழைத்திருக்கலாம், அதை ஒரு கேஸில் போட்டு ஒயரில் இணைத்தால் வேறு கம்ப்யூட்டரில் திறக்கலாம் என்று நெட்டில் படித்திருந்தேன். மறுநாளே கம்ப்யூட்டர் சாமான் விற்கும் நேரு ப்ளேஸ் கடைத்தெருவுக்குப் போனேன். பேச முடியாததால் டிஸ்க்கைக் காட்டி, பெட்டிக்குள் வைத்து மூடுவதுபோல் கையால் செய்து காட்டினேன். கடைக்காரன் எனக்குக் காதும் கேட்காது என்று தீர்மானித்து, ஒரு கேஸை நீட்டி, "ஆன்ட்டிஜி! யே லகேகா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். என் நிலைமையில் அவன்மேல் பொறாமைதான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் டிஸ்க்கைக் கேஸில் பொருத்தி, அவருடைய லேப்டாப்பில் ஒயரைச் செருகினேன். நீல விளக்கு எரிந்தது. உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம். திரையில் ஒன்றுமில்லை. பிடுங்கினேன், செருகினேன், மறுபடி பிடுங்கினேன்.

"புடுங்கிப் புடுங்கிச் சொருகாதம்மா, கெட்டுப் போயிரும். கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டு அவர் துணி காயப்போட பால்கனிக்குப் போனார்.

பொறுக்காமல் கேஸ் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் இன்னொரு ஒயர் இருந்தது, ஒரு முனை இரண்டாகப் பிரிந்து. பழைய டிஸ்க், ஒரு துளையிலிருந்து வருகிற கரன்ட் போதாது போலிருக்கிறது. பிரிந்த இரண்டு முனைகளையும் லேப்டாப்பின் இரண்டு துளைகளில் செருகியதும் டிக் டிக் நின்று, டிஸ்க் சீராகச் சுழன்றது. ஃபோல்டர்கள் வந்தன.

முதலில் போட்டோக்கள். இந்தியா கேட்டில் அவர், ஐஸ்க்ரீமோடு மகன், குளிருக்குக் குல்லா போட்ட மகன், மறுபடி அவர். நான் எங்குமே இல்லை. "என்னை ஒரு போட்டோ எடுக்க உங்களுக்குக் கை வலிக்குதா?" என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! இப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. வீடியோவில் கேமராவுக்கு மிக அருகில் இருக்கும் வாய், எடுப்பவளுடையதுதானே. வால்யூமை முழுசாக ஏற்றி ஒரு வீடியோவைத் தட்டினேன்.

இதே வீடு. மகன் மூன்று சக்கர சைக்கிளில் வாசலைத் தாண்டிப் போகிறான்.

"ஏங்க! இவன் படிக்கட்டுக்குப் போறான்! ஜல்தி வாங்க! ஏங்க!"

கணீரென்று, கீழே கேட் வரைக்கும் கேட்கிற சத்தம். என்னுடையது.

பால்கனியில் வாளி உருண்டது. "வாரேன்ட்டி! ஏன் கெடந்து கத்துத?" என்று ஈரச் சட்டையும் கையுமாக ஓடிவந்தார். கதவருகே நின்றுவிட்டார். மூடியிருந்த என் வாயைப் பார்த்தார், பிறகு லேப்டாப்பைப் பார்த்தார். திரையில் அவரே ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் முகம் கோணியது. ஈரச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

வீடியோவை நிறுத்தினேன். அவர் அப்படி உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. டாக்டர் சொன்னதெல்லாம் இருக்கட்டும் என்று மூச்சை முழுக்க இழுத்து, "ஏங்க" என்றேன். காற்றுப் போன சைக்கிள் பம்பு மாதிரி வந்தது. அந்தக் கூரியர்காரன் கேட்டிருந்தால் மறுபடி சர் என்றுதான் சொல்லியிருப்பான்.

அவர் ஈரச் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இங்கனதான இருக்கேன்" என்றார். "ஏன்ட்டி கெடந்து கத்துத?"