அத்தை வீட்டு மாடியில் நின்ற குடை

கேபிள் வயரின் கறுப்புத் தோலைக் கத்தியால் சீவும்போது எழும் நெடி அப்பாவின் சட்டையிலேயே தங்கியிருக்கும். மில் வேலை போன பிறகு அவர் முதலியார்பேட்டையில் எங்கள் பகுதிக் கேபிள்காரரிடம் லைன்மேனாகச் சேர்ந்திருந்தார். காற்று பலமாக அடித்தால் "டிவியில மழ பெய்யுது" என்று வீட்டுக்கு வீடு கூப்பிடுவார்கள், அவரும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்.

நான் ஆறாவது படித்த வருடம், அடுத்த தெருவில் இருந்த அத்தை வீட்டு மாடியில் மாமா ஒரு டிஷ் வைத்தார். எங்கள் வட்டாரத்தில் அதுதான் முதல் 'குடை'. அதில் வந்த படத்தில் ஆட்களின் நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. நாலே நாளில் பக்கத்து வீடுகளும் குடை பற்றி விசாரிக்கத் தொடங்க, முதலாளி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"உன் தங்கச்சி வூட்லயே குடை வெச்சிருக்காங்க. நீ இன்னா மூஞ்சியோட எங்கிட்ட வேல செய்யற?"

அப்பா மாமாவிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தார். ஆட்டோ ஓட்டும் மாமா கோபக்காரர். "என் வூட்டு மாடியில இன்னா வெக்கணும்னு உன் மொதலாளியக் கேக்கணுமா மச்சான்?" என்று அனுப்பிவிட்டார். இனி அங்கே போகக் கூடாது என்று அப்பா எனக்கும் தடை போட்டார்.

தடையை மீறி அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அத்தை வீட்டில்தான் இருந்தேன். அத்தை வைத்திக்குப்பத்தில் வாங்கிவந்த சங்கரா மீனைக் கொல்லையில் ஆய்ந்துகொண்டிருந்தார். திடீரென்று டிவியில் படம் போய் நீலமானது; தலைக்கு மேலே இரும்பு இரும்பில் மோதும் சத்தம். மாமா படியேறி ஓட, பின்னாலேயே நானும் ஓடினேன்.

முதலாளியின் ஆட்கள் இருவர் நின்றார்கள். நடுவில், கையில் குழாயுடன், அப்பா. குடை நசுங்கிக் கிடந்தது. ஒருவன் மாமாவை அடிக்கத் தன் கையிலிருந்த குழாயை ஓங்க, அப்பா அவனைப் பிடித்துத் தள்ளினார். "நானே ஒடச்சிடறேன், ஆளுங்க மேல கை வெக்கக் கூடாதுன்னு சொல்லித்தானடா வந்தேன்!"

அது மாமா காதில் விழவில்லை. குடையின் கம்பியைப் பிடுங்கி அப்பாவின் காதோரம் அடித்தார். ரத்தம் கழுத்தில் இறங்கிச் சட்டையை நனைத்தது. உடனே அந்த இருவரும் மாமா மேல் பாய்ந்தார்கள். அவருடைய வலது கால் எலும்பு முறிந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்பா தவழ்ந்துபோய் மாமாவின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். மிச்ச அடியெல்லாம் அவர் முதுகில் விழுந்தது. நான் ஒருவன் கையைக் கடித்தேன். அவன் உதறியதில் தண்ணீர்த்தொட்டியில் மோதி என் முன்பல் உடைந்தது.

மீன் செதில் ஒட்டிய கையில் அரிவாள்மனையோடு அத்தை மேலே வந்ததும் அவர்கள் பக்கத்து மாடிச் சுவர் தாண்டி ஓடினார்கள். அத்தை அப்பாவைப் பார்த்தார். அரிவாள்மனை அப்பாவின் தலைக்கு மேல் எழும்பி அப்படியே நின்றது.

"நீயாண்ணா வந்த?"

அப்பா தலையைக் குனிந்து கொடுத்தார். அத்தை அரிவாள்மனையைத் தரையில் எறிந்துவிட்டு மாமாவைத் தூக்கப் போனார்.

ஆஸ்பத்திரிக்கு வந்த சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர், "குடைய யாரு ஒடச்சது பாப்பா?" என்று என்னைக் கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "அப்பாதான்" என்றேன். கட்டிலில் கிடந்த அப்பா, "கொழந்த சொல்றது நெசம், எழுதிக்குங்க" என்றார். அவர் ஜெயிலுக்குப் போய்வந்தார்; முதலாளி ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச வருடத்தில் அதே முதலாளி, குடையைப் போலவே தெளிவாகப் படம் காட்டும் டிஜிட்டல் பெட்டிகளை வீடு வீடாக மாட்டிக் கொடுத்தார். ஆட்டோவில் பிரேக் மிதிக்க முடியாமல் மாமா வண்டியை விற்றார். அத்தை எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை.

இன்று கம்பங்களில் அந்த வயர் சிக்கல்கள் இல்லை. என் பிள்ளைகள் ஆளுக்கொரு போனைப் பார்க்கிறார்கள், டிவியில் மழை பெய்யும் என்றால் சிரிக்கிறார்கள். அப்பாவும் இப்போது இல்லை. அவரைத் தூக்கிய அன்று மாமா ஊன்றுகோலோடு வந்தார். தோள் கொடுக்க முடியாததால் பாடையின் மூங்கிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, யார் சொல்லியும் விடாமல், தெருமுனைவரை நொண்டிக்கொண்டே கூட நடந்தார்.